வீட்டில் ஆளே இல்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது: 400 வெள்ளி பற்றுச்சீட்டில் எதை மாற்றலாம்?

பொங்கோல் பொன்னி · செவ்வாய், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது சிங்கப்பூர் பொங்கோலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நாலறை வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை என்று ஐந்து பேர். போன மாத மின்சாரம் 590 யூனிட், ஜிஎஸ்டி சேர்த்து 176 வெள்ளி (டாலர்). தண்ணீர், எரிவாயு எல்லாம் தனி. அரசாங்கம் தரும் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடியைக் கழித்த பிறகு வருகிற தொகையை மட்டும் பார்த்தே பழகிவிட்டதால் இத்தனை நாள் உறைக்கவில்லை. தள்ளுபடி வராத மாதம்தான் கண்ணைத் திறந்தது.

பருவநிலைக்கு உகந்த சாதனம் வாங்க அரசாங்கம் கொடுக்கும் 400 வெள்ளி பற்றுச்சீட்டை நாங்கள் இன்னும் தொடவில்லை. கணவர் ஏர்கானை மாற்றலாம் என்கிறார். எனக்கு மின்சாரம் குறைவாக இழுக்கும் டிசி மின்விசிறி மேல் ஒரு கண். எதில் போட்டால் பில் உண்மையிலேயே இறங்கும்? இரண்டு மாதமாக ஏர்கானை 25 டிகிரியில்தான் வைக்கிறோம். பில்லில் பெரிய மாற்றம் இல்லை, வீட்டில் சண்டை கூடியதுதான் மிச்சம்.

இன்னொரு கேள்வி. எங்கள் புளோக் கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள். அந்த மின்சாரம் எங்கே போகிறது?

---

ஏழாம் மாடி · செவ்வாய், இரவு 10.58

உங்கள் பில் குறையாது. விற்பதற்காகத்தான் பற்றுச்சீட்டு கொடுக்கிறார்கள். 400 வெள்ளிக்கு ஆசைப்பட்டு 1,800 வெள்ளிக்கு ஏர்கான் வாங்குவீர்கள்.

---

கணக்கப்பிள்ளை · செவ்வாய், இரவு 11.20

பொன்னி, 590 அதிகம்தான். எவ்வளவு அதிகம் என்று ஒரு குறுக்கு வழியில் பார்க்கலாம். 2023ல் ஜூரோங் தீவில் பெரிய மின்கலன் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள், கொள்ளளவு 285 மெகாவாட்-மணி. ஒருமுறை முழுக்க ஏற்றினால் 24,000 நாலறை வீடுகளுக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று அப்போது சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 12 யூனிட்கூட வரவில்லை. மாதம் 360. நீங்கள் ஒன்றரை மடங்குக்கும் மேலே இருக்கிறீர்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் புது மீட்டரா? அப்படியானால் மின்கட்டணம் வசூலிக்கும் எஸ்பி நிறுவனத்தின் செயலியில் அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு ஓடியது என்ற வரைபடம் இருக்கும். வீட்டில் யாருமே இல்லாத ஒரு நேரத்தைப் பிடித்து, அப்போது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏர்கான், விளக்கு, டிவி எதுவும் ஓடக்கூடாது.

---

ஜூரோங் வெஸ்ட் ஆச்சி · புதன், காலை 6.15

25 டிகிரி வைத்தும் பில் குறையவில்லை என்றால் ஏர்கானைக் கழுவி எத்தனை நாளாச்சு கண்ணு? எங்கள் வீட்டில் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றினேன், கம்பளி மாதிரி தூசி. அது மூச்சுவிட முடியாமல் ஓடினால் நாம் எத்தனை டிகிரி வைத்து என்ன? வடிகட்டியை மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் காட்டிக் காயவைத்து மாட்டு. மின்விசிறியைச் சேர்த்துப் போடு. அந்தக் காற்று இருந்தால் 26லும் தூங்கலாம், போர்வைகூடத் தேடுவாய்.

---

பொங்கோல் பொன்னி · புதன், இரவு 9.30

ஆச்சி, கழுவி நாலு மாதம் ஆகிறது. இந்த வாரமே செய்கிறேன்.

கணக்கப்பிள்ளை, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். போன ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 1 மணிவரை எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தோம், அத்தை உட்பட. வரைபடத்தில் அந்த மூன்று மணி நேரமும் ஒவ்வோர் அரை மணிக்கும் 0.2 யூனிட்டை ஒட்டியே நிற்கிறது. இது அதிகமா, குறைவா?

---

கணக்கப்பிள்ளை · புதன், இரவு 9.51

அரை மணிக்கு 0.2 என்றால் 400 வாட். ஆள் இல்லாத வீட்டில், இரவு பகல் பாராமல். நாளுக்கு 9.6 யூனிட், மாதத்துக்கு 288. யூனிட்டுக்கு 30 காசு போட்டால் 86 வெள்ளி.

உங்கள் பில்லில் பாதியை யாரும் பயன்படுத்தவே இல்லை. ஏர்கானைத் திட்டுவதை நிறுத்துங்கள்.

---

மின்வேலைக்காரன் · புதன், இரவு 11.05

இருபது வருஷமா வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறேன். சுலபமான சோதனை ஒண்ணு சொல்றேன், காசு செலவில்லை.

வாசலுக்கு வெளியே இருக்கிற மீட்டரைப் பாருங்க. சின்னதா ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு அச்சடிச்சிருப்பாங்க. 1000னு இருந்தா கணக்கு ரொம்ப சுலபம், நிமிஷத்துக்கு ஒரு சிமிட்டல் 60 வாட். வீட்டுல எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா பிளக்கை அணைச்சு அணைச்சு மறுபடி எண்ணுங்க. எதை அணைச்சதும் எண்ணிக்கை இறங்குதோ அதான் ஆள்.

பிளக் சுவிட்சை மட்டும் தொடுங்க. மின்பெட்டி மூடியை யாரும் கழற்ற வேணாம்.

---

புதுவரவு · வியாழன், பிற்பகல் 1.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஈசூனில் ஓர் அறை வாடகைக்கு. எங்களுக்கு ஏர்கான் இரவு 9 முதல் காலை 7 வரைதான். ஞாயிறு மதியம் அந்த அறை இட்லிக்கொப்பரை. அந்த ஏர்கான் பழசு, போட்டால் ஜன்னலே அதிரும். வீட்டுக்காரருக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, ஆனால் மின்சாரப் பில்லை நாங்கள் நாலு பேர் பிரித்துக் கட்டுகிறோம். பிறகு அவர் எதற்கு மாற்றுவார்? இங்கே சேமிப்பு பற்றிப் பேசும்போது எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

---

ஜூரோங் வெஸ்ட் ஆச்சி · வியாழன், பிற்பகல் 2.40

தம்பி சொல்வது நியாயம். மேற்குப் பார்த்த ஜன்னலா? வெளிர் நிறத் துணி ஒன்றைப் பகலெல்லாம் இழுத்துவிட்டுப் போ. வெயில் உள்ளே வந்த பிறகு விரட்டுவதைவிட வாசலிலேயே நிறுத்துவது சுலபம்.

---

சிராங்கூன் வெயில் · வியாழன், இரவு 8.22

பொன்னியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

2014ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில்தான் கழக புளோக்குகளுக்குத் தகடு வருகிறது. பகலில் கிடைக்கும் மின்சாரம் முதலில் அந்த புளோக்கின் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் ஏற்றும் பம்பு ஆகியவற்றுக்குப் போகும். மிஞ்சினால் பொது மின்கட்டமைப்புக்கு. உங்கள் வீட்டு மீட்டருக்கும் கூரைக்கும் நேரடி ஒயர் கிடையாது. அதனால் உங்கள் பில்லில் ஒரு காசும் தெரியாது. புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் மின்செலவில்தான் தெரியும்.

நான் தரைவீட்டில் இருப்பவன். கூரையில் 10 கிலோவாட் தகடு போட்டிருக்கிறேன். வருஷத்துக்கு 12,000 யூனிட்டை ஒட்டிக் கிடைக்கிறது. எல்லா மாதமும் ஒன்றுபோல் இருக்காது. டிசம்பர், ஜனவரி மழையில் சில நாள் காலையிலிருந்து மாலைவரை வானம் சாம்பல் பூசினாற்போல் கிடக்கும், தகடும் என்னைப் போலவே சோம்பிக் கிடக்கும். பகலில் நாங்கள் பயன்படுத்தாதது கட்டமைப்புக்குப் போய் பில்லில் கழிக்கப்படுகிறது. ஆனால் நாம் வாங்கும் விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்வதில்லை, கட்டமைப்புக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சம்தான் தருவார்கள். அதனால் இப்போதெல்லாம் துணி துவைப்பதைப் பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டோம். விற்பதைவிட நாமே செலவழிப்பது லாபம்.

---

ஏழாம் மாடி · வியாழன், இரவு 8.50

எல்லாம் சரி அண்ணே. நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. குழாயில் மலேசியா, இந்தோனீசியாவிலிருந்து, கப்பலில் திரவமாக மற்ற நாடுகளிலிருந்து. 2030க்குள் 2 கிகாவாட் சூரியத் தகடு போட்டாலும் அப்போதைய தேவையில் 3 விழுக்காட்டுக்குத்தான் வரும் என்று அரசாங்கமே முன்பு சொல்லியிருக்கிறது. வீடுகள் மொத்தமும் பயன்படுத்துவதே சுமார் 15 விழுக்காடு. மிச்சம் தொழிற்சாலை, கடைத்தொகுதி, தரவு மையம். தரவு மையங்கள் மட்டும் 2020லேயே 7 விழுக்காடு. பொன்னி அக்கா ஒரு விளக்கை அணைத்தால் எந்தப் பனிமலை உருகாமல் நிற்கும்?

---

சிராங்கூன் வெயில் · வியாழன், இரவு 9.34

எண்கள் சரி. அந்த 3 விழுக்காடு ஏன் 3 என்று யோசித்தீர்களா? தீவு மொத்தமே 730 சொச்சம் சதுர கிலோமீட்டர். நம் காற்று நொடிக்கு இரண்டு மீட்டர்தான் சராசரி, காற்றாலை இறக்கை அசைய யோசிக்கும். நீர்வீழ்ச்சிக்கு மலை இல்லை. கடலில் வைக்கலாம் என்றால் கப்பல் வரிசை. கூரையையும் நீர்த்தேக்கத்தையும் விட்டால் வேறு இடம் இல்லாமல்தான் 2021ல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 1,22,000 தகடுகளை மிதக்கவிட்டார்கள். 60 மெகாவாட். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஐந்து தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தேவையான அளவு அதிலிருந்து கிடைக்கிறது. போய்ப் பார்த்தேன், தண்ணீர் மேல் ஜமுக்காளம் விரித்த மாதிரி இருக்கிறது.

அதுவும் போதாமல் வெளியிலிருந்து வாங்குகிறோம். 2022ல் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வர ஆரம்பித்தது. 2035க்குள் 6 கிகாவாட் இறக்குமதி என்பது இலக்கு. பசுமை மின்சாரம் இவ்வளவு சிரமப்பட்டு வருகிற ஊரில் 400 வாட்டை ஆளில்லாத வீட்டில் ஊற்றுவது எனக்கு உறுத்துகிறது. பனிமலையை விடுங்கள், இரண்டு பேரும் வேறு வேறு கணக்குப் பேசுகிறோம்.

---

ஏழாம் மாடி · வியாழன், இரவு 9.41

உறுத்தட்டும். தரவு மையத்துக்கும் உறுத்தினால் சரி.

---

மட்டுறுத்துநர் · வியாழன், இரவு 10.00

தரவு மையப் பேச்சுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே பொன்னியின் மீட்டர்.

---

ஜூரோங் வெஸ்ட் ஆச்சி · வெள்ளி, காலை 6.30

மட்டுறுத்துநர் கோபித்துக்கொள்ளாதீங்க, ஒன்று மட்டும். புலாவ் உபின் தீவில் இன்றைக்கும் இங்கிருந்து போகிற மின்கம்பி கிடையாது. முன்பெல்லாம் போனால் ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் டீசல் ஜெனரேட்டர் கடகடவென்று கத்தும். எண்ணெயைப் படகில் கொண்டுவர வேண்டும் என்பதால் கடைக்கார அம்மா சாயங்காலம் ஒரே ஒரு விளக்குதான் போடுவார். 2013ல் அங்கே சூரிய ஒளியையும் சேர்த்து ஒரு சின்ன மின்கட்டமைப்பு வைத்தார்கள். எண்ணெய் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குச் சுவிட்சை அணைக்க யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

---

பொங்கோல் பொன்னி · சனி, மாலை 5.15

எண்ணிவிட்டேன்! எங்கள் மீட்டரிலும் 1000 என்றுதான் இருக்கிறது. நான் மீட்டர் அருகே, மகன் உள்ளே பிளக் அருகே, நடுவில் அத்தை "என்ன திருட்டு நடந்துபோச்சு" என்று கேட்டபடி. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி வெளியே வந்து, தன் மீட்டரையும் எண்ணித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் அணைத்த பிறகு நிமிடத்துக்கு 7 சிமிட்டல். சமையலறைக் குளிர்பதனப் பெட்டியை அணைத்தேன், 5 ஆனது. அதைத் திரும்பப் போட்டுவிட்டு, துணி காயப்போடும் இடத்தில் நிற்கிற இன்னொரு பெட்டியை அணைத்தேன். 4.

ஆமாம், இரண்டு பெட்டி இருக்கிறது. முதலில் சொல்லவில்லை, மன்னிக்கவும். சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அது அத்தையுடையது. இட்லி மாவு, தேக்கா சந்தையில் வாங்குகிற மீன், ஊரிலிருந்து வந்த வடகம், எல்லாம் அதில்தான்.

இன்னொன்று. எண்ணிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விளக்கு படபடவென்று அடித்தது, எண்ணவே முடியவில்லை. நாலைந்து நிமிடம் கழித்து அதுவாகவே அடங்கியது. அது என்ன? மீட்டர் கெட்டுவிட்டதா?

---

மின்வேலைக்காரன் · சனி, மாலை 6.02

மீட்டர் கெடல. அது உங்க சுடுநீர்த் தொட்டி. குளியலறைப் பொய்க்கூரைக்கு மேல ஒரு தொட்டி படுத்திருக்குமே, அதான். 3,000 வாட், அதாவது நிமிஷத்துக்கு 50 சிமிட்டல். வெளியே இருக்கிற சுவிட்சை யாரோ அணைக்காம விட்டிருக்கீங்க. யாரும் குளிக்காட்டாலும் தண்ணி ஆற ஆற அது தானா சூடு பண்ணிக்கிட்டே இருக்கும். குளிக்கறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி போட்டு, குளிக்கப் போகும்போது அணைச்சா போதும்.

ரெண்டாவது பெட்டி: 3 சிமிட்டல்னா 180 வாட். அது பெரிசில்ல. ஓடி ஓடி நிக்குதா, நிக்காம ஓடுதா? கதவு ரப்பரில் ஒரு தாளை வச்சு மூடி இழுத்துப் பாருங்க. பிடிக்கணும். வழுக்கிட்டு வந்தா குளிரு வெளியே போகுது, ஈரக்காத்து உள்ள வருது.

---

பொங்கோல் பொன்னி · சனி, இரவு 7.48

தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று பக்கம். மேல் பக்கம் மட்டும் பிடிக்கிறது. ரப்பர் கருவாடு மாதிரி விறைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மோட்டார் நிற்கவே இல்லை. போதாததற்கு அந்த இடத்தில் சாயங்கால வெயில் நேராக விழுகிறது.

---

கணக்கப்பிள்ளை · சனி, இரவு 8.05

180 வாட் நிற்காமல் ஓடினால் நாளுக்கு 4.3 யூனிட், மாதம் 130, கிட்டத்தட்ட 39 வெள்ளி. மாவுக்கு மாதம் 39 வெள்ளி வாடகை. புதுப் பெட்டி ஒன்றின் மின்சிக்கனத்தைக் காட்டும் டிக் முத்திரையைப் பாருங்கள், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அதிலேயே போட்டிருக்கும். இரண்டு கதவு, நடுத்தர அளவு என்றால் 300 சொச்சம். உங்கள் பழைய பெட்டி இரண்டரை மாதத்தில் தின்பதை அது ஒரு வருஷம் வைத்துத் தின்னும்.

டிக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய பெட்டி அதிக டிக் வாங்கினாலும் சின்ன பெட்டியைவிட அதிக யூனிட் ஓடலாம். யூனிட்டைப் பாருங்கள்.

---

ஏழாம் மாடி · சனி, இரவு 8.20

சரி, ஒப்புக்கொள்கிறேன், இது நல்ல கண்டுபிடிப்பு. நானும் போய் என் மீட்டரை எண்ணினேன். 3. நானும் பூனையும் மட்டும்தான் லா.

---

பொங்கோல் பொன்னி · சனி, இரவு 11.30

அத்தையிடம் எப்படிச் சொல்வது? இந்த வீட்டுச் சாவி வாங்கிய அன்று அவர் தன் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. "ஓடுறதைத் தூக்கிப் போடுவியா" என்பார். கணவர் நைசாக நழுவிவிட்டார்.

---

ஜூரோங் வெஸ்ட் ஆச்சி · ஞாயிறு, காலை 6.20

நானும் மாமியார்தான், அதனால் சொல்கிறேன். பெட்டியைப் பற்றிப் பேசாதே, பில்லைக் காட்டு. 39 வெள்ளி என்று எழுதி அவர் கையில் கொடு. பழைய பெட்டியை எடு என்று சொல்லாதே, "புதுசு எது வாங்கலாம், நீங்க வந்து பாருங்க அத்தை" என்று கடைக்குக் கூட்டிப் போ. மாவுப் பாத்திரம் எந்தத் தட்டில் நிற்கும் என்று அவரையே அளக்கச் சொல். பாத்திரத்தையும் கையோடு எடுத்துப் போ, சிரிக்காதே.

---

மின்வேலைக்காரன் · ஞாயிறு, காலை 9.10

வாங்கறதுக்கு முன்னாடி கடையில் ரெண்டு கேள்வி. ஒண்ணு, இந்த மாடலுக்குப் பற்றுச்சீட்டு செல்லுமா. எல்லா மாடலுக்கும் செல்லாது, அடையாளம் ஒட்டியிருப்பாங்க. ரெண்டு, பழசை எடுத்துட்டுப் போவீங்களா. 2021 ஜூலையிலிருந்து புதுசைக் கொண்டுவந்து இறக்கும்போது பழசை இலவசமா எடுத்துக்கணும்னு சட்டம். பழைய சாமான் வாங்குற காராங்கூனிக்காரரைத் தேட வேணாம், யாருக்கும் தனியா காசும் கொடுக்க வேணாம்.

---

பொங்கோல் பொன்னி · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.45

இழையை மேலே இழுத்ததற்கு மன்னிக்கவும், கதையை முடிக்காமல் விட மனமில்லை.

இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரே பெட்டி வாங்கினோம். 400 வெள்ளியும் அதிலேயே போய்விட்டது, டிசி மின்விசிறி இப்போதைக்குக் கனவு. ஆச்சி சொன்னபடி மாவுப் பாத்திரத்தைக் கட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனோம். விற்பனையாளர் பையன் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை நாலு பெட்டியைத் திறந்து, பாத்திரத்தை உள்ளே வைத்து, கதவை மூடி, ஐந்தாவதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழசு லாரியில் ஏறும்போது மட்டும் அறைக்குள் போய்விட்டார்.

சுடுநீர்ச் சுவிட்சுக்கு மேல் மகள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: "அப்பா, அணைச்சீங்களா?" பாதி நாள் அணைக்கிறார்.

இந்த மாதம் 424 யூனிட், 127 வெள்ளி. ஏர்கானையும் கழுவிவிட்டதால் எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் அணைத்த பிறகு மீட்டர் இப்போது நிமிடத்துக்கு 2.

ஒரே குறை. இடம் குறைந்துவிட்டதால் அத்தை வாரம் ஒருமுறை அரைத்த மாவை இப்போது இரண்டு முறையாக அரைக்கிறார். நேற்று என்னிடம் கேட்கிறார்: "கிரைண்டர் ரெண்டு தடவை ஓடுதே, அதுக்கு எவ்வளவு வரும்னு உன் ஆளுங்ககிட்ட கேளு."

---

கணக்கப்பிள்ளை · ஞாயிறு, இரவு 8.59

150 வாட் கிரைண்டர், அரை மணி நேரம்: 0.075 யூனிட். இரண்டே கால் காசு. அத்தையைத் தாராளமாக அரைக்கச் சொல்லுங்கள்.